காந்தமுள் விலகிய பள்ளத்தாக்கு

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்குச் சதக்கத்துல்லா கடலின் அடித்தளத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்!

பயப்பட வேண்டாம். வண்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அவர் ஓட்டிக்கொண்டிருந்தது ஓமன் நாட்டு மலைகளுக்கு நடுவே. கண்ணுக்கு எட்டியவரை புல் பூண்டு கிடையாது. கறுத்த, பழுப்பேறிய பாறைதான். ஆனால் ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மலை முழுக்க ஆழ்கடலுக்கு அடியில் கிடந்தது. பூமியின் தட்டுகள் முட்டிக்கொண்டபோது கடலடியின் ஒரு பெரிய துண்டு பிய்ந்து, நிலத்தின் மேல் ஏறிப் படுத்துவிட்டது. கடலுக்கடியில் ஆறேழு கிலோமீட்டர் துளை போட்டாலும் எட்டாத பாறையை இங்கே செருப்புக் காலோடு மிதிக்கலாம்.

வண்டியில் மூன்று பேர். ஓட்டுகிற சதக்கத்துல்லா கீழக்கரைக்காரர். பன்னிரண்டு வருடமாக மஸ்கட்டில் ஓட்டுநர். பாறையைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் தெரியாததைக் கேட்காமல் விடமாட்டார். பின்சீட்டில் சுத்தியல், உளி, தண்ணீர்க் கேன்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவள் உலகம்மை. இருபத்து நான்கு வயது, சென்னையில் நிலவியல் படிக்கிறாள், வாய் ஓயாது. முன்சீட்டில், மடியில் ஒரு பழைய குறிப்பேட்டை இறுக்கிப் பிடித்தபடி அவளுடைய அத்தை மங்கையர்க்கரசி. அம்பாசமுத்திரத்தில் புவியியல் ஆசிரியையாக இருந்து சென்ற மே மாதம் ஓய்வு பெற்றவர். இந்த மூன்று நாட்களில் மங்கை டீச்சர் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"டீச்சரம்மா, நாளைக்குச் சாயங்காலம் உங்களுக்கு ஃப்ளைட். எனக்கும் லீவு இன்னையோட முடியுது. இன்னைக்குக் கிடைச்சுருமா?" என்றார் சதக்கத்துல்லா.

"இருந்தா கிடைக்கும்" என்றார் டீச்சர்.

அந்த 'இருந்தா'வைக் கேட்டதும் உலகம்மைக்குச் சுருக்கென்றது. அத்தைக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் அவளால் தாங்க முடியாத விஷயம்.

நடந்தது இதுதான். முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், இருபத்தேழு வயதில், மங்கையர்க்கரசி இதே மலைக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்தார். ஒரு நாள் தன்னந்தனியாக ஒரு பள்ளத்தாக்கில் ஏறியபோது ஒரு பாறைச் சுவரைக் கண்டார். கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக இருந்த சுவரின் குறுக்கே, நான்கு மீட்டர் அகலத்துக்குப் பச்சையாக ஒரு கீற்று! அதைப் பற்றி எழுதினார். அடுத்த வருடமே ஒரு வெளிநாட்டுக் குழு அவர் குறித்துக் கொடுத்த இடத்துக்குப் போய் ஒரு வாரம் தேடியது. அங்கே பச்சையும் இல்லை, கீற்றும் இல்லை. 'இல்லாத ஒன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார்' என்று அச்சிலேயே போட்டுவிட்டார்கள். அவர் கப்பலில் அனுப்பிய பாறை மாதிரிப் பெட்டிகள் வந்து சேரவில்லை. படச்சுருளோ வெயிலில் வெந்து வீணாகிவிட்டது. கையில் மிச்சம் இருந்தது குறிப்பேடு ஒன்றுதான். ஆராய்ச்சியை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போய் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார் மங்கையர்க்கரசி. ஊரில் யாரிடமும் இதைச் சொன்னதே இல்லை. பரண் மேலிருந்த குறிப்பேட்டை உலகம்மை கண்டெடுத்து, நச்சரித்து, அழுது, அடம் பிடித்து அத்தையை இங்கே இழுத்து வந்திருந்தாள்.

"ஒரு பச்சைக் கல்லுக்கா இவ்வளவு சண்டை?" என்று முதல் நாளே கேட்டிருந்தார் சதக்கத்துல்லா.

"அண்ணே, நீங்க பிரியாணி ஆக்குவீங்கல்ல?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க தங்கச்சி! ஊர்ல ஐந்நூறு பேருக்கு ஆக்கியிருக்கேன்."

"பெரிய தேக்சாவை அடுப்புலருந்து இறக்கி வெச்சா, மேல ஆறிடும். அடி எப்ப ஆறும்?"

"அடி சாயங்காலம் வரைக்கும் கொதியாத்தான் இருக்கும். கையை விட்டா வெந்துரும்."

"கடலடியும் அப்படித்தான். நடுக்கடல்ல ரெண்டு தட்டும் எதிரெதிரா விலகுற இடத்துல கீழேருந்து நெருப்புக் குழம்பு ஏறி வருது. ஆயிரத்து இருநூறு டிகிரி! மேல வர்றது கடல் தண்ணி பட்டு உடனே இறுகிடும். ஆனா முக்கால்வாசிக் குழம்பு மேல வராம, கீழயே தங்கி மெதுவாப் பாறையாகுது. அந்த அடிப் பாறை எப்படி ஆறுச்சுங்கறதுதான் கேள்வி. சூடெல்லாம் மேல் வழியா மட்டும் மெல்ல மெல்லப் போச்சுன்னு ஒரு கட்சி. இல்ல, வெடிப்பு வழியாக் கடல் தண்ணி அடி வரைக்கும் இறங்கி ஆற வெச்சுதுன்னு இன்னொரு கட்சி."

சதக்கத்துல்லா கொஞ்சம் யோசித்தார். "அப்ப தண்ணி இறங்குன வெடிப்பைக் காட்டணும்."

"அதைத்தான் அத்தை பார்த்தாங்க! அடிப் பாறையோட கீழ்க்கோடியில. தண்ணி பட்டதாலதான் அந்த இடம் பச்சையாயிருச்சு."

அன்று முதல் சதக்கத்துல்லா டீச்சர் கட்சி.

*

இந்த ஊரில் பள்ளத்தாக்கை 'வாதி' என்கிறார்கள். மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் சாலை. சதக்கத்துல்லா வண்டியை வாதியின் நடுவில் நிறுத்தவில்லை. முக்கி முனகி ஒரு மேட்டின் மேல் ஏற்றி நிறுத்தினார். "வாதிக்குள்ள வண்டியை விடுறவன் வீட்டுக்கு நடந்துதான் போகணும்" என்று சொல்லிவிட்டு, வண்டி இழுக்கும் கயிற்றையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

உலகம்மையின் கைபேசியில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னியது. குறிப்பேட்டில் இருந்த கணக்கை வைத்து அவள் குறித்த இடம். முப்பத்து மூன்று வருட வெள்ளங்கள் வாதியையே மாற்றியிருந்தன; டீச்சருக்கு ஒரு வளைவும் அடையாளம் தெரியவில்லை. இரண்டு நாளாக அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் அலைந்துகொண்டிருந்தார்கள். இன்றும் அலைந்தார்கள். வலப்பக்கச் சுவரில் ஏறினார்கள், இறங்கினார்கள். இடப்பக்கம் ஒரு குகைக்குள் புகுந்து, வௌவால்கள் விரட்ட வெளியே ஓடி வந்தார்கள். கறுப்பு வெள்ளை வரிப் பாறை எங்கும் இருந்தது, பச்சை மட்டும் மருந்துக்குக்கூட இல்லை.

பன்னிரண்டு மணிக்கு டீச்சர் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"ஏட்டி உலகு. போதும்."

"அத்தே..."

"அவங்க ஒரு வாரம் தேடுனாங்க. நாம மூணு நாள் தேடிட்டோம். எத்தனையோ நாள் ராத்திரி யோசிச்சிருக்கேன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் வேற. வெயில். ஒத்தையில போயிருந்தேன். இல்லாததைத்தான் பார்த்துட்டேனோ என்னமோ."

உலகம்மைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை மேல் கோபம், அந்த வெளிநாட்டுக் குழு மேல் கோபம், யார் மேலென்று தெரியாமலும் ஒரு கோபம். முப்பத்து மூன்று வருடம் தன் கண்ணையே நம்பாமல் ஒரு மனுஷி எப்படி இருந்திருக்க முடியும்?

"சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்" என்றார் சதக்கத்துல்லா மெல்ல. "நான் லுஹர் தொழுதுட்டு வந்துர்றேன்."

கொஞ்ச தூரத்தில், வெள்ளம் எப்போதோ உருட்டிவந்து போட்டிருந்த பெரிய கறும்பாறை ஒன்று மேசை போலத் தட்டையாகக் கிடந்தது. அதன் மேல் தொழுகை விரிப்பை விரித்தார். விரிப்பின் மூலையில், தொழும்போது நோக்க வேண்டிய கிப்லாவின் திசையைக் காட்ட ஒரு சின்னக் காம்பஸ் தைத்திருந்தது. முள் காட்டியபடி விரிப்பைத் திருப்பி வைத்தார், நின்றார். உடனே கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

மறுபடி குனிந்து காம்பஸைப் பார்த்தார். நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார். விரிப்பைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிச் சரளைக் கல்லில் விரித்தார். முள் வேறு பக்கம் காட்டியது. அமைதியாகத் தொழுகையை முடித்துவிட்டு, விரிப்பைக் கையில் பிடித்தபடி வேகமாக வந்தார்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். இந்த ஊர்ல கிப்லா மேற்கே. நண்பகல் சூரியன் இந்த மாசத்துல தெற்கே. அப்ப நான் தொழ நின்னா வெயில் எனக்கு இடது காதுல அடிக்கணும். பன்னெண்டு வருஷமா அப்படித்தான் அடிக்குது. அந்தப் பாறை மேல நின்னா கண்ணுக்குள்ள குத்துது! கீழ இறங்கி வெச்சா சரியாயிருச்சு. பாறைக்குள்ள ஏதாச்சும் இருக்கா?"

உலகம்மை எழுந்தே விட்டாள். ஓடினாள். பாறையைச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். வெளித்தோல் கறுப்பு, உடைந்த உள்பக்கம்...

"அத்தே! பச்சை! பச்சை!"

டீச்சர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. உடைந்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எச்சிலைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். பச்சைக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் மின்னின.

"காந்தக்கல்" என்றார். "கடல் தண்ணி உள்ள இறங்குனா, பாறையில இருக்க இரும்பு இப்படித்தான் காந்தக்கல்லா மாறும்."

"அப்ப தண்ணி இறங்குன இடத்துல காம்பஸ் பொய் சொல்லுமா?" என்றார் சதக்கத்துல்லா.

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். பக்கம் எண்பத்தொன்று. 'காவல் கோபுரம் 48 டிகிரி. இரட்டைக் கொம்பு மலை 335 டிகிரி.' அந்தக் காலத்தில் கைபேசி ஏது, செயற்கைக்கோள் ஏது? தெரிந்த இரண்டு அடையாளங்களைக் காம்பஸால் குறிபார்த்து, வரைபடத்தில் இரண்டு கோடு இழுத்தால், கோடுகள் வெட்டும் இடம்தான் நாம் நிற்கும் இடம்.

"சுத்தியலைத் தூரமா வெச்சேன் உலகு. துப்பட்டா ஊக்கைக் கழட்டினேன், தலையில இருந்த ஹேர்பின்னைக்கூட எடுத்துட்டேன். இரும்பு ஒண்ணும் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு அவ்வளவு கவனம்! ஆனா பச்சையைப் பார்த்த சந்தோஷத்துல கை நடுங்குச்சு. முள் நிக்கல. அதான் காம்பஸைத் தூக்கிப்..."

"பாறை மேலயே வெச்சுட்டீங்க!" என்று கத்தினாள் உலகம்மை.

"பாறை மேலயே வெச்சுட்டேன்."

அடடா! ஊக்கையெல்லாம் பொறுக்கி எறிந்தவர், காலடியில் இருந்த மலையையே மறந்துவிட்டார். வரைபடத்தில் அவர் போட்ட புள்ளி தப்பு. வெளிநாட்டுக் குழு தேடியதும் தப்பான இடம். இவர்கள் இரண்டரை நாளாகச் சுற்றியதும் தப்பான இடம்தான்.

"ஆனா எவ்வளவு விலகியிருக்கும்னு தெரியாதே. அஞ்சு டிகிரியா, அம்பது டிகிரியா?" என்றாள் உலகம்மை.

டீச்சர் பையிலிருந்து ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்தார். ஓய்வு பெற்றாலும் அதை விடாமல் தூக்கித் திரிகிற பழக்கம் அவருக்கு! "முள் விலகுனா ரெண்டு தடவையும் ஒரே அளவுதான் விலகியிருக்கும். நான் அசையல, காம்பஸையும் அசைக்கல. அப்ப கோபுரத்துக்கும் கொம்புக்கும் நடுவில உள்ள கோணம் மட்டும் சரிதான். எழுபத்து மூணு டிகிரி. சதக்கு தம்பி, அந்தப் பேரீச்சம்பழ அட்டையைக் கொடுங்க!"

அட்டையில் எழுபத்து மூன்று டிகிரிக்கு ஒரு முக்கோண மூக்கை வெட்டினார். தரையில் விரித்த வரைபடத்தில் கோபுரத்தின் மேல் ஓர் ஊக்கு, கொம்பு மலையின் மேல் ஓர் ஊக்கு. அட்டையின் இரண்டு ஓரங்களும் இரண்டு ஊக்கையும் உரசியபடியே இருக்க, மெல்ல நகர்த்தினார். உலகம்மை மூக்கு நுனி போன வழியெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்தாள். வரைபடத்தில் ஒரு வளைவு விழுந்தது. அந்த வளைவில் எங்கோ ஓரிடத்தில்தான் இருபத்தேழு வயது மங்கையர்க்கரசி நின்றிருக்க வேண்டும்.

வளைவின் பெரும் பகுதி ஆள் ஏற முடியாத உச்சிகளின் மேல் போனது. பள்ளத்தாக்கின் தரையை அது தொட்டது இரண்டே இடத்தில். ஒன்று அவர்கள் இப்போது இருக்கும் இடம். இன்னொன்று ஒன்றே முக்கால் கிலோமீட்டர் மேலே, பக்கவாட்டில் பிரியும் ஒரு குறுகலான பிளவு.

"இந்தக் கல்லும் மேலேருந்துதானே உருண்டு வந்திருக்கும்!" என்றாள் உலகம்மை.

"சோறு?" என்றார் சதக்கத்துல்லா.

"நடந்துக்கிட்டே!" என்றார் டீச்சர். அவர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார்.

*

பிளவின் வாயை அடைந்தபோது மணி ஒன்றரை. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவே எட்டடி அகல வழி. உள்ளே தெளிந்த நீர்க்குட்டை ஒன்று. முழங்கால் தண்ணீரில் அதைக் கடந்தார்கள். அடுத்த குட்டை இடுப்பளவு. சதக்கத்துல்லா கயிற்றைப் பிடித்து முன்னே போக, பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு மற்ற இருவரும் பின்னே போனார்கள். சுவரில் வரிகள் தெளிவாகத் தெரிந்தன: கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. அடியில் தங்கிய குழம்பிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிகம் படிகமாகப் படிந்த வரிகள்.

"நாம கீழ போயிட்டிருக்கோம்" என்றாள் உலகம்மை. "ஆமா அண்ணே, நடக்கிறது மேடு, ஆனா பாறைக் கணக்குல கீழ! மலை சரிஞ்சு படுத்திருக்குல்ல. இன்னும் கொஞ்சம் போனா தேக்சாவோட அடி."

திடீரென்று சதக்கத்துல்லா நின்றார். கையை உயர்த்தினார்.

"பேசாதீங்க."

தலைக்கு மேலே தெரிந்த கீற்று வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. ஆனால் பிளவுக்குள் சில்லென்று ஒரு காற்று வந்தது. நனைந்த மண்ணின் வாசனை. எங்கோ தூரத்தில், மிகத் தூரத்தில், உருளும் சத்தம்.

"மலைக்கு அந்தப் பக்கம் மழை" என்றார். "டீச்சரம்மா, இங்க மழை பெய்யணும்னு அவசியமில்ல. தண்ணி மட்டும் வந்துரும்."

உலகம்மை முன்னே பார்த்தாள். வளைவில் கண்ட இடத்தைப் புதிதாகக் குறித்திருந்த கைபேசி இன்னும் இருநூறு மீட்டர்தான் காட்டியது. "ஓடிப்போய் ஒரே ஒரு போட்டோ..."

"வேண்டாம்" என்றார் டீச்சர் பட்டென்று. "திரும்பு. பாறை அடுத்த வருஷமும் இருக்கும், நீ இருக்கணும்லா. திரும்புட்டி!"

அதைச் சொல்ல அவருக்கு என்ன பாடாக இருந்திருக்கும் என்று உலகம்மைக்குத் தெரியும். மறுபேச்சில்லாமல் திரும்பினாள். மூவரும் ஓடினார்கள். ஆனால் இடுப்பளவுக் குட்டை இப்போது தெளிந்த நீராக இல்லை. பிளவின் வாய்ப்பக்கம் இன்னொரு ஓடையிலிருந்து செம்மண் குழம்பு சீறிக்கொண்டு அதில் விழுந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டை சதக்கத்துல்லாவின் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது.

"இந்த வழி போச்சு! மேல! மேல ஏற இடம் பாருங்க!"

எங்கே ஏறுவது? சுவர் வழவழவென்று, விரல் நுழையாத பாறை. மறுபடி உள்ளே ஓடினார்கள். இப்போது எதிரே மேலிருந்தும் உறுமல் கேட்டது. கற்கள் உருளும் சத்தம் காலடியிலேயே அதிர்ந்தது. அப்போது டீச்சர் கத்தினார்:

"இடப்பக்கம்! அங்க சுவர்ல கீறல் தெரியுது. வெடிப்பு இருந்தா பாறை நொறுங்கியிருக்கும். நொறுங்குன இடத்துல ஏறலாம்! இடப்பக்கம் பாரு!"

இருந்தது! வளைவு திரும்பியதும், வழவழச் சுவரின் நடுவே பாறை பொடிந்து, படிக்கட்டு மாதிரி ஒரு சரிவு மேலே போனது. சதக்கத்துல்லா முதலில் தாவினார். கயிற்றை ஒரு பாறை முனையில் சுற்றிக் கீழே வீசினார். டீச்சர் ஏறினார், அறுபது வயதை மறந்து, முட்டி தேய. உலகம்மை கடைசி. பாதியில் அவள் கால் வைத்த கல் உடைந்தது! ஒரு கணம் கயிற்றில் தொங்கினாள். கீழே செம்மண் வெள்ளம் ஆளுயரத்துக்கு நுரைத்துக்கொண்டு பிளவை நிறைத்தபடி பாய்ந்தது. அவள் செருப்பு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"விட்டுறாதீங்க தங்கச்சி! கயித்தை விட்டுறாதீங்க!"

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். உலகம்மை ஒரு விளிம்பின் மேல் வந்து குப்புற விழுந்தாள். டீச்சர் அவளை மடியில் இழுத்துப்போட்டு முதுகில் இரண்டு அடி வைத்தார். "போட்டோ எடுக்கப் போறாளாம், போட்டோ!" என்று திட்டிக்கொண்டே முத்தமும் கொடுத்தார். "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சதக்கத்துல்லா நெஞ்சில் கைவைத்துச் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

வெள்ளம் பதினைந்தடி கீழே ஓடியது. விளிம்பு வறண்டு, அகலமாக, பத்திரமாக இருந்தது. மூவரும் உயிரோடு இருந்தார்கள். அது போதும் என்று அந்த நேரத்தில் மூவருக்கும் மனதாரத் தோன்றியது.

சதக்கத்துல்லாதான் முதலில் சுவரில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தார்.

"டீச்சரம்மா" என்றார். "இது என்ன நிறம்?"

*

பச்சை.

பாசிப் பச்சை, கிளிப்பச்சை, நடுவே கொடி கொடியாக வெள்ளை நரம்பு. இருபுறமும் கறுப்பு வெள்ளை வரிகள் வந்து முட்டி நின்றன. நடுவே நான்கு மீட்டர் அகலத்துக்கு மேலிருந்து கீழ் வரை அந்தக் கீற்று. கடலின் தண்ணீர் கொதிக்கும் பாறைக்குள் இறங்கிப் போன பாதை. அந்தப் பாதை வழியாகத்தான் இவர்கள் தண்ணீருக்குத் தப்பி ஏறியிருக்கிறார்கள்!

டீச்சர் சுவரைத் தடவிக்கொண்டே மெல்ல நகர்ந்தார். ஒரு மூலையில், மழை படாத பள்ளத்தில், உளி பெயர்த்த இரண்டு குழிகள். பக்கத்தில் வெளிறிப்போன வெள்ளைப் பெயின்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்: ம 14.

"என் கையெழுத்து" என்றார். பிறகுதான் அழுதார். சின்னப் பிள்ளை போல வாய்விட்டு, கண்ணைத் துடைக்காமல் அழுதார். "பார்த்தேன் உலகு. நான் பார்த்தேன். இல்லாததைச் சொல்லல."

உலகம்மையும் அழுதாள். சதக்கத்துல்லா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, விரிப்பை உதறி விளிம்பில் வைத்தார். காம்பஸ் முள் ஒரு சுற்று ஆடி, கோணலாக நின்றது. விரிப்பைத் தலைக்கு மேலே கைநீட்டித் தூக்கினார். முள் மெல்ல வடக்கே திரும்பியது. கீழே வைத்தார், கோணியது. தூக்கினார், நேரானது. அழுகைக்கு நடுவிலும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க இருபது டிகிரி இருக்கும்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

வெள்ளம் வடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. இதைவிட நல்ல சிறை யாருக்குக் கிடைக்கும்? உலகம்மை படம் எடுத்தாள், அளந்தாள், வரைந்தாள். ஓரத்தில் படிகங்கள் எவ்வளவு சின்னதாக இருக்கின்றன, எவ்வளவு சீக்கிரம் ஆறியிருக்க வேண்டும் என்று உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு கூச்சல் போட்டாள். டீச்சர் உளியால் ஆறு மாதிரிகளைப் பெயர்த்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, இந்த முறை யாரிடமும் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். மிச்சமிருந்த பேரீச்சம்பழத்தை மூவரும் பங்கிட்டுத் தின்றார்கள்.

"அப்ப தேக்சாவோட அடிக்குத் தண்ணி போயிருக்கு" என்றார் சதக்கத்துல்லா, கொட்டையைத் துப்பிவிட்டு.

"இந்த ஒரு இடத்துல போயிருக்கு" என்றார் டீச்சர். "எல்லா இடத்துலயும் போச்சான்னு எனக்குத் தெரியாது. பார்த்ததை மட்டுந்தான் சொல்லணும்."

ஐந்து மணிக்குக் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். சேறு முழங்கால் வரை. ஒற்றைச் செருப்போடு உலகம்மை நொண்ட, சதக்கத்துல்லா தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். மேட்டின் மேல் வண்டி அலுங்காமல் நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் நான்கு ஆடுகள் ஒதுங்கியிருந்தன. அதுகளை எழுப்ப மனமில்லாமல் மூவரும் சற்று நேரம் வெளியிலேயே நின்றார்கள்.

வண்டி தார்ச்சாலையைத் தொட்டதும் உலகம்மை பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தே, கட்டுரையை நான் எழுதுறேன், உங்க பேர் முதல்ல. முதல் வரியே, 'தேடி வந்தவர்கள் சரியாகத் தேடவில்லை'ன்னு போட்டுருவோமா?"

"போடாத. அவங்க நான் சொன்ன இடத்துலதான் தேடுனாங்க. முதல் வரி நான் சொல்லுதேன், எழுது. 'காம்பஸைப் பாறை மேல் வைத்தது என் பிழை.'"

"அத்தே! எல்லாரும் சிரிப்பாங்க!"

"நல்லாச் சிரிக்கட்டும்ட்டி. நானும் சேர்ந்து சிரிக்கேன். பிழை பண்ணாதவங்க யாரு? பொய் சொன்னேன்னுல்லா இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தாங்க. நானும்லா பாதி நம்பிட்டேன்."

உலகம்மை அந்த வரியை எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது முன்சீட்டிலிருந்து குறட்டை வந்தது. மங்கை டீச்சர் பாறைப் பையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சதக்கத்துல்லா பாட்டை நிறுத்திவிட்டு, மேடு பள்ளம் பார்த்து, மஸ்கட் வரை மெதுவாகவே ஓட்டினார்.